கல்லமேட்டு எலும்பும் மாணவர் காமிராவும்

சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்குச் சற்று முன்னர், கல்லூரி மாணவர் நால்வர் என்னைக் காண வந்தனர். தொல்லுயிரியல் ஆராய்ச்சி இக்காலத்தில் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் காட்டும் இருபது நிமிட ஆவணப்படம் ஒன்றைத் தாங்களே எடுக்கப் போவதாகச் சொல்லி, அதற்கென எழுதிய திட்டத்தை என் முன் வைத்தனர். முதற் காட்சி ஓர் அடர்ந்த காடு. மரங்களை முறித்துக்கொண்டு பேருருவ விலங்கு ஒன்று வெளிப்பட்டுக் கர்ச்சனை செய்கிறது. அதன் பின்னரே படத்தின் பெயர் வருகிறது.

"இந்தக் கர்ச்சனையைக் கேட்டவர் யார்?" என்றேன். நால்வரும் நகைத்தனர். எலும்பு கல்லாகும், பல் கல்லாகும், சேற்றில் பதிந்த காலடிகூடக் கல்லாகும். குரல் கல்லாவதில்லை. அயல்நாட்டுத் திரைப்படங்களில் நாம் கேட்கும் கர்ச்சனையெல்லாம் யானையும் முதலையும் புலியும் கடன் கொடுத்தவை. ஆதலின் காட்டை விட்டுவிட்டு அரியலூருக்குப் போய் வருமாறு அவர்களுக்குச் சொன்னேன். அவர்களுள் ஒரு மாணவி உடனே, "அங்கே காட்டுவதற்கு என்ன இருக்கிறது, ஐயா? அந்தப் பெரிய எலும்புதான் இல்லாமற் போய்விட்டதே!" என்றார்.

அவர் சொன்னது உண்மையே. அந்த எலும்பின் வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன். திரைப்படத்தைப் பற்றி வானொலியில் பேசுவது, ஓவியத்தைத் தொலைபேசியில் விளக்குவது போன்றதுதான். ஆயினும் நான் சொல்லப்போவது கண்ணுக்குத் தெரியாமற் போன ஒன்றைப் பற்றியது ஆகையால், வானொலிக்கு அது அவ்வளவு பொருந்தாததும் அன்று.

மாணவ நண்பர்களே, அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் நிலம் ஒரு காலத்தில் கடலடியாய் இருந்தது. நம் துணைக்கண்டம் தென்பெருங்கண்டத்திலிருந்து பிரிந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. இன்றைக்கு ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகள் முதல் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகள் முன்பு வரை, கடல் இங்கே உள்ளே புகுவதும் பின்வாங்குவதுமாய் இருந்தது. அது விட்டுச் சென்ற படிவுகளில் சுருண்ட கொம்பு போன்ற அம்மோனைட்டுகள் கிடக்கின்றன. நம் வீடுகளில் பூசையில் வைக்கும் சாளக்கிராமமும், இமயத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட் தாங்கிய கல்லேயாகும். காரை என்னும் ஊரருகே மழைநீர் அரித்து அரித்துப் பள்ளமும் முகடுமாக்கிய களிமண் வெளியில், துப்பாக்கிக் குண்டு போன்ற பெலம்னைட்டுகளைக் காலடியிலேயே காணலாம். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையிலோ கடற்சிப்பிகள் அடுக்கடுக்காய்ச் செறிந்துள்ளன. இன்று அந்தப் பாறையை வெட்டிச் சூளைக்கு அனுப்பி சிமெண்டு செய்கிறார்கள். நம் மாடி வீடுகளின் தளங்களில் எத்தனையோ கோடிச் சிப்பிகள் பொடியாகிக் கலந்துள்ளன என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. மாணவர்கள் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்கள்.

அந்தக் கடல் பின்வாங்கிய பின், ஆறுகள் மணலும் சேறும் கொண்டுவந்து பரப்பின. அவ்வாறு நிலத்தின்மீது படிந்த அடுக்கிற்குக் கல்லமேடு என்னும் சிற்றூரின் பெயரையே நிலவியலார் இட்டிருக்கின்றனர். டைனோசார்கள் உலகை விட்டு மறைவதற்குச் சற்று முந்திய காலத்தது அது. 'சற்று' என்று நான் சொல்வது சில பல இலட்சம் ஆண்டுகளை! நிலவியலாரோடு பழகினால் காலத்தைப் பற்றிய நம் கஞ்சத்தனம் போய்விடும்.

இந்த அடுக்கில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்னும் அறிஞர் இருவர் மாபெரும் எலும்புகள் சிலவற்றைக் கண்டனர். இடுப்பெலும்பின் பகுதிகள், தொடையெலும்பின் ஒரு பகுதி, கணைக்கால் எலும்பு, முன்னங்கை எலும்பு, வாலெலும்பு ஒன்று ஆகியவை அவை. 1980களின் பிற்பகுதியில் அவர்கள் அவ்விலங்கிற்கு ப்ருஹத்காயோசாரஸ் மேட்லியி என்று பெயர் சூட்டி வெளியிட்டனர். முற்பகுதி நம் நாட்டு வடமொழிச் சொல்; பேருடல் என்பது பொருள். பிற்பகுதி, திருச்சி மாவட்டத்து டைனோசார்களைப் பற்றி 1929ஆம் ஆண்டிலேயே எழுதிய சார்லஸ் மேட்லி என்னும் ஆங்கிலேயரின் நினைவாக வைத்தது.

அந்தக் கணைக்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர். முழங்காலிலிருந்து கணுக்கால் வரையுள்ள எலும்பை மட்டும் சொல்கிறேன். நம்மில் நெட்டையான ஒருவரை அதன் அருகில் படுக்க வைத்தாலும் எலும்புதான் நீளமாயிருக்கும். உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளுள் ஒன்றாகக் கருதப்படும் அர்ஜெண்டினோசாரஸின் கணைக்கால் எலும்பு ஏறத்தாழ 1.55 மீட்டரே. கண்டெடுத்தவர்கள் முதலில் இதனை ஊன் உண்ணும் டைனோசார் என்று கருதினர். 1990களிலும் அதன் பின்னும் வேறு அறிஞர்கள் ஆராய்ந்து, இது நீண்ட கழுத்தும் நீண்ட வாலும் உடைய தழையுண்ணி வகையைச் சேர்ந்தது என்று திருத்தினர். அத்தகைய திருத்தம் விஞ்ஞானத்தில் இழுக்கன்று. அது நிகழ வேண்டுமானால் எலும்பு கையிலிருக்க வேண்டும் என்பதுதான் தொல்லை.

எலும்பு கையில் இல்லை. கல்லமேட்டு எலும்புகள் மிகவும் நொய்ந்தவை. மழையில் அந்தக் களிமண் நீரை உறிஞ்சிப் பருக்கிறது, வெயிலில் சுருங்குகிறது. எலும்பினுள் ஊறிய நீரும் அதே வேலையைச் செய்கிறது. புதைபடிவத்தை நிலத்திலிருந்து எடுக்கும் முறை உங்களிற் பலர் அறியாததாயிருக்கலாம். எலும்பைச் சுற்றியுள்ள மண்ணைக் கொஞ்சங் கொஞ்சமாய் அகற்றி, ஈரத்தாளைப் போர்த்தி, அதன்மேல் கோணித் துண்டுகளைச் சுண்ணச்சாந்தில் தோய்த்துச் சுற்றுவார்கள். கை முறிந்தவருக்கு மருத்துவர் கட்டுப் போடுவது போலத்தான். கட்டு இறுகியபின் அப்படியே புரட்டி எடுத்து ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு செல்வார்கள். கல்லமேட்டு எலும்புகள் அந்தக் கட்டுக்குள்ளேயே, உரிய இடத்தைச் சென்று சேருமுன்னரே, உதிரத் தொடங்கிவிட்டன. அவை இப்போது இல்லை என்னும் செய்தி 2017ஆம் ஆண்டில் அச்சில் வந்தது.

அதற்குள் வேறொரு வினையும் மூண்டிருந்தது. முதற் கட்டுரையில் எலும்புகளின் கோட்டோவியங்கள் சில இருந்தனவேயன்றி விரிவான சான்றுகள் இல்லை. 2 மீட்டர் கணைக்கால் என்றவுடன் அயல்நாட்டு அறிஞர் சிலர் புருவத்தை உயர்த்தினர். அது எலும்பே அன்று, கல்லாய்ச் சமைந்த அடிமரமாயிருக்கும் என்ற ஐயமும் எழுந்தது. ஐயம் அடாதது என்று சொல்வதற்கில்லை. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், நிலவியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த கல்மரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. மரம் கல்லாகும் நாடுதானே இது! எலும்பு இருந்திருந்தால் ஒரு சிறு துண்டை மெல்லியதாய்ச் சீவி நுண்பெருக்கியின் கீழ் வைத்து, ஒரே நாளில் வழக்கைத் தீர்த்திருக்கலாம். எலும்பு இல்லாமையால் வழக்கு முப்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது.

2022ஆம் ஆண்டில், கண்டெடுத்த அறிஞருள் ஒருவரான அய்யாசாமி, வேறோர் ஆய்வாளருடன் சேர்ந்து பழைய புகைப்படங்கள் சிலவற்றை வெளியிட்டார். எலும்புகள் நிலத்தில் கிடந்தபோது எடுத்து, வெளியிடாமல் இருந்தவை அவை. இன்றைய படங்களைப்போல் அவை தெளிவானவையல்ல. ஆயினும் அவற்றில் தெரிவது எலும்பின் வடிவமே, மரமன்று என்று கொள்ள இடம் தந்தன. அடுத்த ஆண்டே, 2023இல், அவ்விலங்கு 110 முதல் 130 டன் எடை இருந்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. நிலத்தில் நடந்த விலங்கொன்று பெரிய திமிங்கிலங்களுக்கு ஈடாக இருந்திருக்கலாம் என்பது இதன் பொருள். இத்தகைய கணக்கை நான் முழுவதும் நம்புகிறேனா என்றால், இல்லை. மூலத்தை ஒருவரும் மறுபடி அளக்க இயலாதபோது, எந்த எடையும் ஒரு கேள்விக்குறியுடனேதான் நிற்கும். ஆனாலும் பாருங்கள், எவரோ ஒருவர் வெயிலில் நின்று காமிராவை அழுத்திய அந்தச் சில நொடிகள் இல்லையென்றால், இந்த விலங்கு கட்டுக்கதையாகவே முடிந்திருக்கும்.

பொருளினும் பதிவு நெடுநாள் வாழ்வதை நாம் அறியாதவரல்லர். 1880களிலிருந்து கல்வெட்டுத் துறையினர் ஊர் ஊராகச் சென்று கோயிற் கல்வெட்டுகளை ஈரத்தாளில் ஒற்றி மைப்படி எடுத்து வந்தார்கள். திருப்பணியின்போது கல் பெயர்ந்து போனாலும், சுண்ணாம்பு பூசி மறைந்தாலும், எழுத்து மைப்படியில் உயிரோடிருக்கிறது. அரியலூர் மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரமும் இருக்கிறது. அங்கே ஆயிரம் ஆண்டுப் பழமையைப் படிப்பதற்கு நாம் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை, அதே மண்ணின் கோடியாண்டுப் பழமைக்கும் காட்டலாம்.

இந்த மண்ணின் தொல்லுயிர்களுக்கும் நல்ல மைப்படியாளர் சிலர் வாய்த்தனர். 1840களில் கேய், கன்லிஃப் என்னும் ஆங்கில அலுவலர் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் திரட்டிய சிப்பிகளையும் சங்குகளையும் இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846ஆம் ஆண்டில் அவற்றை விவரித்து எழுதினார். பின்னர் ஹென்றி பிளான்ஃபோர்டு இப்பகுதியை அளந்து ஆராய்ந்து, 1862இல் தம் நூலை வெளியிட்டார். பாறைகளை உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் பிரித்த பிரிவுகளே இன்றும் வழங்குகின்றன. இந்த பிளான்ஃபோர்டுதான் பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராகி நம் பருவமழையை ஆராயத் தொடங்கியவர். ஆதிக் கடலை அளந்தவர் மேகத்தை அளக்கப் போனார்!

அவருக்குப் பின் வந்தவர் மொராவிய நாட்டு இளைஞரான ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா. 1862இல் இந்தியாவிற்கு வந்த அவர், தென்னிந்தியக் கிரிட்டேஷியஸ் உயிரினங்களைப் பற்றிய பெருநூலைத் தொகுதி தொகுதியாக எழுதி 1873ஆம் ஆண்டளவில் முடித்தார். ஒவ்வொரு சங்கையும் முன்னும் பின்னும் பக்கமுமாகத் திருப்பித் திருப்பி வரைந்து, கல்லச்சில் பதித்த படத்தாள்கள் அவற்றில் உள்ளன. மறு ஆண்டே, மத்திய ஆசியப் பயணம் ஒன்றிலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் உயர்ந்த மலைப்பாதையில் அவர் உயிர் நீத்தார். வயது முப்பத்தாறு. அவர் கண்ட காடும் ஓடையும் மாறிவிட்டன; அவர் கற்கள் எடுத்த இடங்களிற் சில சுரங்கக் குழிகளாகிவிட்டன. ஆயினும் அரியலூர் அம்மோனைட்டை ஆராய விரும்பும் எவரும் இன்றும் முதலில் புரட்டுவது ஸ்டோலிச்காவின் படங்களைத்தான்.

நல்ல பதிவு தொலைந்த பொருளையே திரும்பக் கொண்டுவரவும் கூடும். 1828ஆம் ஆண்டில் ஜபல்பூரில் ஸ்லீமன் என்னும் இராணுவ அதிகாரி சில எலும்புகளைக் கண்டெடுத்தார். தக்கர் கூட்டத்தாரை ஒடுக்கியவராக வரலாற்றில் நீங்கள் படிக்கும் அதே ஸ்லீமன்தான். கைமாறிக் கைமாறிக் கொல்கத்தாவிற்குச் சென்ற அவ்வெலும்புகளை லிடெக்கர் 1877இல் விவரித்து, டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். அதன்பின் அவை எங்கே போயின என்பதே தெரியவில்லை. நெடுங்காலம் காணாமற் போன வாலெலும்பு ஒன்று, 2012ஆம் ஆண்டில் கொல்கத்தாவிலுள்ள நிலவியல் ஆய்வுத் துறையின் சேமிப்பிலிருந்தே அடையாளம் காணப்பட்டது. நூற்றாண்டுக்கு முன் ஒருவர் ஒழுங்காக விவரித்து வைத்திருந்ததால், கையிலெடுத்தவர்கள் அது இன்னதென்று அறிந்துகொண்டார்கள்.

கல்லமேட்டுக்கே மீண்டும் வருவோம். அங்கே பேரெலும்பு போயிற்று. ஒரு சிறு பல் நிலைத்தது. 2013ஆம் ஆண்டில், பறவைகளுக்கு நெருங்கிய உறவான ட்ரூடோன்டிட் என்னும் சிறு டைனோசார் வகையின் பல் ஒன்றைக் கல்லமேட்டு அடுக்கிலிருந்து ஆய்வாளர் குழு ஒன்று அறிவித்தது. அதுவரை வடகோளத்துக் கண்டங்களில் மட்டுமே வாழ்ந்ததாகக் கருதிய வகை அது. கையில் வைத்து ஊதினால் பறந்துபோகும் அளவுள்ள ஒரு பல், கண்டங்களின் தொடர்பைப் பற்றிய கருத்தையே மறுபடி எண்ணிப் பார்க்கச் செய்தது. இக்காலத் தொல்லுயிரியலில் பெரும்பகுதி இத்தகைய வேலையே. மண்ணை மூட்டை மூட்டையாய் எடுத்து, நீரில் கரைத்து, சல்லடையில் சலித்து, எஞ்சிய மணலை நுண்பெருக்கியின் கீழ் மணி மணியாய்ப் புரட்டிப் பார்ப்பார்கள். நம் வீடுகளில் அரிசியில் கல் பொறுக்குவதற்கு நேர் எதிரான வேலை. இங்கே கல்லுக்குள் அரிசி பொறுக்க வேண்டும். திரைப்படத்தில் இதைக் காட்டினால் பார்ப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று மாணவர்கள் அஞ்சினர். நான் அவ்வாறு அஞ்சவில்லை. கருப்பாய் மின்னும் ஒரு பல், மணலிலிருந்து ஊசிமுனையில் மேலே வரும் அந்தக் கணத்திற்காக எவரும் ஐந்து நிமிடம் காத்திருப்பார்.

இனி, படம் எடுப்பதனாலேயே உண்மை காப்பாற்றப்பட்டுவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். 2020ஆம் ஆண்டு அக்டோபரில், பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் பகுதியில் மண் எடுத்தபோது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. அவை டைனோசார் முட்டைகள் என்ற செய்தி, படங்களோடு, கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குத் தாவி இரண்டே நாளில் நாடெங்கும் பரவிற்று. நிலவியலார் பார்த்துவிட்டு, அவை கடற்படிவுகளில் இயல்பாகத் திரளும் கல்லுருண்டைகள், அம்மோனைட்டுகளோடு சேர்ந்தவை என்று விளக்கினர். விளக்கம் செய்தியைப்போல் வேகமாய் ஓடவில்லை. அப்படங்களிற் பெரும்பாலானவற்றில் அளவுகோல் இல்லை. எந்த அடுக்கு, எத்தனை ஆழம், எந்தத் திசை என்பது ஒன்றும் இல்லை. படம் இருந்தது, பதிவு இல்லை.

ஆகவே நான் அந்த மாணவர்களிடம் வற்புறுத்தியவை மிக எளிய காரியங்களே. எந்தக் கல்லைப் படமெடுத்தாலும் பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். முதலில் தொலைவிலிருந்து நிலத்தோடு சேர்த்து எடுங்கள், பிறகு நெருங்குங்கள். நாளையும் இடத்தையும் அன்றே குறிப்பேட்டில் எழுதுங்கள். எதையும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இடம் பெயர்ந்த கல் ஊமையாகிவிடும். ஒரே பொருளைச் சுற்றிலும் பல கோணங்களில், ஒன்றோடொன்று சற்றே படியுமாறு ஐம்பது அறுபது படம் எடுத்தால், கணினி அதன் முழு உருவத்தையும் முப்பரிமாணத்தில் கட்டித் தருகிறது. 1980களில் கல்லமேட்டில் நின்றவர்களுக்கு இல்லாத வசதி, இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. பின்னர் சுரங்கக் குழியில் வேலை செய்பவர்களோடும் ஆடு மேய்ப்பவர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். எந்த ஓடையில், எந்த மழைக்குப் பிறகு, என்ன வெளிப்படுகிறது என்பது பேராசிரியர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அவர்கள் போனார்கள். வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் ஒரு நாளும், காரையின் களிமண் வெளியில் இரண்டு நாளும், கல்லமேட்டில் ஒரு நாளும் கழித்துத் திரும்பினர். படம் இன்னும் முடியவில்லை. ஆனால் முதற் காட்சியை எனக்குக் காட்டினர். காட்டையும் கர்ச்சனையையும் நீக்கிவிட்டிருந்தனர். வெயில் காயும் வெட்டவெளியில் 2 மீட்டர் நீளத்துக்கு ஓர் அளவுநாடா விரிந்து கிடக்கிறது. அதன் அருகே அந்நால்வரில் மிக உயரமான இளைஞர் வந்து படுக்கிறார். அவர் தலைக்கு மேலும் நாடா நீண்டிருக்கிறது. பின்னணியில் காற்றோசையும் எங்கோ ஓர் ஆட்டின் மணியோசையும் மட்டுமே. நாடாவின் நுனி காற்றில் எழும்பாதிருக்க அதன்மேல் ஒரு கல்லை வைத்திருக்கிறார்கள். வைப்பதற்கு முன் அந்த மாணவி அதை நான்கு புறமும் திருப்பிப் பார்த்தாராம். அது வெறும் கல்தான் என்று தெரிந்த பிறகே வைத்தாராம்.